அரைப் பேர்

சேரம்பாடிக்கு மேலே இருக்கும்
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
மனநல மருத்துவர் வருவார்.
ஊட்டியிலிருந்து ஜீப்.
நடுவட்டத்தில் மஞ்சு இறங்குமுன் திரும்பியாக வேண்டும்.
பதினொன்றே முக்காலுக்கு வந்து இரண்டுக்குக் கிளம்புவார்.
டோக்கன் நாற்பத்தைந்து.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

சந்தனமேரிக்கு
உட்காரவே இரண்டு ஆகும்.
முட்டிவலி இல்லை.
நாற்காலியில் வேறு யாரும் இல்லையென்று
முதலில் அவள் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நான் மருந்தாளுநர்.
கம்பிச் சன்னலுக்கு இப்பால் மாத்திரை எண்ணுகிறவன்.
ஆலோசனை சொல்லும் தகுதி கிடையாது,
எண்ணத் தெரியும்.
மேட்டு லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் நாலு கிலோமீட்டர்.
வழியில் யானை நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.
மருத்துவர் மாதம் ஒருமுறை,
மருந்து பதினைந்து நாளுக்கு.
மிச்சப் பதினைந்துக்கு
மறுபடி ஒரு பஸ், மறுபடி ஒரு யானை.
அந்த விதியை நான் பழிக்க மாட்டேன்.
யாரையோ பறிகொடுத்த ஒருவர்
அதை எழுதியிருக்கலாம்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப்
பேர் என்று பெயர்.
இலங்கையிலிருந்து கப்பலில் கூட வந்த சொல்.
வேலைக்கு இறங்கினால் பேர் விழும்.
கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர்.
ஆஸ்பத்திரிக்குப் போனால் பேரே இல்லை.

சன்னலுக்கு அப்பால் நின்று ஒருநாள் கேட்டாள்:
“இந்த மாத்திரையப் போட்டாத்தான்
நான் சந்தனமேரின்னு மனசுல நிக்குது.
இத வாங்க வந்தா அங்க பேரு போயிருது.
எந்தப் பேர வச்சுக்கட்டும் நான்?”

மேலிடத்துக்கு எழுதினேன்.
பதில் வந்தது, உருளையாகச் சுருட்டி.
‘மனம் விட்டுப் பேசுங்கள்’,
வழவழப்பான சுவரொட்டி, எண்ணிக்கை இருபது.
அடியில் ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண்.
மேட்டு லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்
தண்ணீர்த் தொட்டி மேடை.
அங்கே நின்று மனம் விட்டால்
வரிசையில் இருக்கும் குடமெல்லாம் நிறைந்துவிடும்.

பிறகொரு செவ்வாய்,
டோக்கன் தீர்ந்தபின் வந்தார்
செக்ரோல் கிளார்க் ஜெபநேசன்.
குல்லாயைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார்.
தங்கச்சிக்குத் தூக்கமில்லை என்றார்.
தங்கச்சிக்கு என்ன வயது?
ஐம்பத்திரண்டு என்றவர்,
ஆணா பெண்ணா கட்டத்தில்
‘ஆண்’ என்று டிக் போட்டுக் கொடுத்தார்.
நான் திருத்தவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து
ஆஸ்பத்திரிச் செவ்வாய்க்கும் பேர் விழுந்தது, முழுசாக.
யாரும் உத்தரவு போடவில்லை.
பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
நாற்பத்தைந்து அறுபத்தெட்டானது.
ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று தெரிந்தும் வந்தார்கள்.
கூட யாருமில்லாமல் வந்தார்கள்.
சந்தனமேரி நேரே நடந்து
நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஐந்து மாதம்.
ஜெபநேசனை வால்பாறைப் பக்கம் மாற்றினார்கள்.
புது கிளார்க் நல்ல மனிதர்.
விதிப்படி எழுதுகிறவர்.
விதியில் செவ்வாய் இல்லை.

ஐயா,
இரக்கத்துக்கு இடமாற்றல் உண்டு.
ஆணைக்குக் கிடையாது.
இம்முறை விண்ணப்பத்திலிருந்து
மனம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்,
உங்கள் சுவரொட்டிகளில் அது போதிய அளவு இருப்பதால்.
கேட்பது ஒரு வரி:
சிகிச்சைக்கு வரும் நாளுக்கும்
பேர் போடவும்.
மருத்துவரைக் கூடுதலாக ஒருநாள் கேட்பது
தனித்தாளில்.

எழுதிக்கொண்டிருக்கையில் மழை வலுக்கிறது.
இன்றைக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர்.
வரிசைக் கடைசியில்
பிளாஸ்டிக் படங்கைத் தலைக்குமேல் பிடித்தபடி
சந்தனமேரி, மூன்று மாதத்துக்குப் பிறகு.
கூப்பிட்டாயிற்று அவளை.
காலி நாற்காலியைப் பார்க்கிறாள்.
அதில் இருப்பவர் எழுந்து போகட்டும் என்று
பக்கத்திலேயே நிற்கிறாள்.